மாப்பிள்ளையின் இடது

நொட்டையார் என்ற பட்டப்பெயருக்கு அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஊரில் மற்றவர்கள் நொட்டை சொன்னால் அது கெட்ட குணம். அவர் நொட்டை சொன்னால் மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. மடக்குக்கத்தி செய்யும் அந்தப் பட்டறையில் கடைசிப் பரிசோதனை மேஜை அவருடையது. அவர் தலையாட்டாமல் ஒரு கத்தியும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

அவை சாதாரணக் கத்திகள் அல்ல. விலையைக் கேட்டால் நின்றுகொண்டிருப்பவர் உட்கார்ந்துவிடுவார். மரப்பெட்டி, பெட்டிக்குள் வெல்வெட், வெல்வெட்டுக்குள் கத்தி, கத்தியைத் துடைக்க ஒரு துணி, அந்தத் துணியை வைக்க ஒரு உறை. இவ்வளவு கொடுத்து வாங்குகிறவர்கள் அந்தக் கத்தியால் ஒரு கயிற்றைக்கூட அறுப்பதில்லை. சாய்ந்து உட்கார்ந்து திறப்பார்கள், மூடுவார்கள். திறக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் பாதி விலை. மீதி விலை மூடிய பிறகு. மூடிய கத்தியில் அலகு இரண்டு கைப்பிடித் தகடுகளுக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை அந்தப் பக்கம் போனாலும் வாங்கியவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு வாடிக்கையாளர் இப்படி எழுதியிருந்தார்: ‘திறந்தும் மூடியும் பார்த்தேன். அலகு ஒருபக்கமாக ஒதுங்கி நிற்கிறது. வீட்டில் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.’

நொட்டையார் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவரும் அதே ஜாதிதான், வாங்கக் காசு இல்லை என்பதைத் தவிர. மூடிய கத்தியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். அலகின் இரண்டு பக்கமும் இரண்டு வெளிச்சக் கோடுகள் தெரியும். இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் கத்தி பெட்டிக்குப் போகும். ஒன்று மெலிந்திருந்தால் கத்தி எதிர் மேஜைக்குத் திரும்பும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அவர் அதை ஒரு தொழிலாகவே செய்தார்.

எதிர் மேஜையில் இருந்தவர் பூட்டுகிறவர். அலகையும் தகடுகளையும் சேர்த்து, அலகு சுழலும் அச்சுத் திருகை முடுக்குவது அவர் வேலை. பட்டறையில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் நொட்டையாரின் தங்கையைக் கட்டியவர். வேலையில் சேர்த்துவிட்டது நொட்டையார். ‘மாப்ள வந்தாச்சா, மாப்ள சாப்பிட்டாச்சா’ என்று அவர் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு முதலாளியம்மாவே ஒருநாள் ‘மாப்பிள்ளையை வரச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு பெயர் இல்லை.

தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். இரண்டு மேஜைகளுக்கும் பக்கவாட்டில், சுவரோரமாகப் பெட்டி கட்டும் மேஜை அவளுடையது. கத்தியைத் துடைத்து, வெல்வெட்டில் கிடத்தி, மூடி, நாடா கட்டுவாள். அம்மா போன பிறகு நொட்டையாருக்குத் தன் ரத்தம் என்று மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். காலையில் உள்ளே நுழைந்ததும் அவள் ‘வா அண்ணா’ என்று சொன்ன பிறகுதான் அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கே தெரியுமோ என்னவோ.

மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளாமல் போனது புது வீட்டால். மாப்பிள்ளை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. நொட்டையார் முன்கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். ‘கீல் கொஞ்சம் எறங்கியிருக்கு மாப்ள’ என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விருந்தாளியும் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். வந்தவர்கள் யாரும் வேறெதையும் பார்க்கவில்லை. அன்றோடு மாப்பிள்ளை வாய்க்குப் பூட்டு போட்டுக்கொண்டார். நொட்டையாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கீல் இறங்கித்தான் இருந்தது.

வீட்டில் பேசாமல் இருப்பது சுலபம். எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது தனி வித்தை. முன்பெல்லாம் அலகு சாய்ந்திருந்தால் நொட்டையார் கத்தியைத் தூக்கிக் காட்டி, ‘இந்தப் பக்கம் மாப்ள’ என்று விரலால் தட்டுவார். மாப்பிள்ளை சாய்ந்த பக்கம் கொஞ்சம் தடித்த வாஷரும் எதிர்ப்பக்கம் மெல்லிய வாஷருமாக மாற்றிப் போட்டு முடுக்குவார். அலகு நடுவுக்கு வந்துவிடும். கத்தி மறுபடி மச்சானிடம் வரும். அவர் பார்த்துத் தலையாட்டுவார். பேச்சு நின்ற பிறகு விரலும் நின்றது. நொட்டையார் சின்னச் சின்ன ஸ்டிக்கர் வாங்கி வைத்துக்கொண்டார். அதில் ‘இடது’ அல்லது ‘வலது’ என்று எழுதி, கைப்பிடியில் ஒட்டி, முகத்தைப் பார்க்காமல் தட்டில் வைத்துவிடுவார். மாப்பிள்ளையும் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொள்வார்.

சரிசெய்த கத்தி மறுபடி நொட்டையாரின் மேஜைக்கு வர வேண்டும். ஆனால் வரவில்லை. அது நேரே தங்கையின் மேஜைக்குப் போனது. அவள் ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் பெட்டியில் வைத்தாள். நொட்டையாருக்கு இது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார். வந்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு காலையில் நின்றது. மொத்த வியாபாரி ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறையக் கத்திகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் ஒரே குறை. அலகு ஒருபக்கமாகச் சாய்கிறது. சிலவற்றில் தகட்டையே உரசிக் கோடு விழுந்திருந்தது.

முதலாளியம்மா அட்டைப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நொட்டையாரின் மேஜையில் வைத்தார். அவர் கத்துகிற ரகம் இல்லை. குரல் இறங்க இறங்கத்தான் பயம்.

“இதெல்லாம் நீங்க பாத்து அனுப்பினதுதானே?”

“என் கையைத் தாண்டி இப்படி ஒண்ணு போகாதும்மா.”

“போயிருக்கே. யாரால இப்படி ஆச்சு, அவங்கமேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு வியாபாரி கேக்கிறார். பதில் வரலேன்னா அடுத்த ஆர்டர் கிடையாதாம். சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். உங்க பேரா இருந்தாலும் சரி.”

அவர் போன பிறகு, தன் கண் மங்கிவிட்டதோ என்றுதான் நொட்டையார் முதலில் பயந்தார். ஒரு கத்தியை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஒரு பக்கம் வெளிச்சக் கோடு சாலை மாதிரி அகலமாக இருந்தது. மறுபக்கம் கோடே இல்லை. இதைப் பிடிக்கக் கண் எதற்கு, தடவிப் பார்த்தாலே போதும். அப்படியே கைப்பிடியைத் தடவியபோது விரலில் ஏதோ பிசுபிசுத்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஸ்டிக்கர் உரித்த பசை. அடுத்த கத்தியை எடுத்தார். அதிலும் பசை. அதற்கடுத்ததிலும் பசை.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். திரும்பி வந்த கத்திகள் எல்லாம் அவர் கோட்டைவிட்டவை அல்ல. எல்லாமே அவர் பிடித்தவை. அவர் பிடித்தபோது அவற்றில் இருந்தது மயிரிழைக் கோணல். அவர் சும்மா இருந்திருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவர் பிடித்து, எழுதி, எதிர் மேஜைக்கு அனுப்பி, அங்கே போய் வந்த பிறகுதான் அது ஊரறியக் கோணலாகியிருந்தது.

அவர் மனம் எங்கே போகும்? எல்லோர் மனமும் போகிற இடத்துக்குத்தான் போனது. மாப்பிள்ளை வேண்டுமென்றே செய்கிறார். கதவுக்குப் பழிவாங்குகிறார். நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குனிந்த தலையே நொட்டையாருக்குச் சாட்சி மாதிரி தெரிந்தது.

சாயங்காலம் கொடுக்க அவரிடம் ஒரு பெயர் இருந்தது. கொடுத்தால் மாப்பிள்ளை வெளியே போவார். அதற்குப் பிறகு தங்கை அவர் முகத்தில் விழிப்பாளா? கொடுக்காவிட்டால் அவரே போக வேண்டும். வேலை போனால்கூடப் போகட்டும், காலையில் ‘வா அண்ணா’ என்ற குரல் இல்லாமல் மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவது?

எழுந்து தங்கையின் மேஜைக்குப் போனார். கத்தியை அவள் முன்னால் வைத்தார்.

“உன் வீட்டுக்காரர் பண்ற வேலையைப் பாத்தியா? வேணும்னே கெடுத்து அனுப்புறார்.”

தங்கை நாடாவை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அவர் அப்படிப்பட்டவர் இல்லண்ணா.”

“அப்போ இது தானா கோணிக்கிச்சா? சரி, ரிப்பேர் ஆனது ஏன் என் மேஜைக்கு வரல? நீ ஏன் நேரா பெட்டியில வெச்சே?”

“கொண்டாந்து வெச்சா நீ ‘எந்த மகராசன் பண்ணின வேலை இது’ம்பே. அது அவர் காதுல விழும். அப்புறம் வீட்டுக்குப் போய் நான் சோறு போடுறதா, பஞ்சாயத்து பண்றதா? ரெண்டு பேரும் மோதிக்காம இருந்தா போதும்னு வெச்சேன். நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?”

தங்கை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“என்கிட்ட கேக்காதே. அவர்கிட்டயே கேளு. வா.”

அவள் அண்ணனின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் எதிர் மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். மாப்பிள்ளை திருப்புளியைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் ஒருவர் சட்டைப் பொத்தானை ஒருவர் பார்த்தார்கள். பட்டறையில் அரம் ராவும் சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லோருக்கும் வேடிக்கை பார்க்க வேண்டும்.

நொட்டையார் கேட்க நினைத்தது ‘உங்களுக்கு மனசாட்சி இருக்கா?’ என்பது. இத்தனை காலம் கழித்துப் பேசுகிறோம், முதல் வார்த்தையே இப்படியா என்று தோன்றியதால் கொஞ்சம் சுற்றி வளைத்தார்.

“மாப்ள, நான் இடதுன்னு எழுதினா நீங்க எந்தப் பக்கம் வாஷர் போடுவீங்க?”

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. “இதைக் கேக்கத்தான் வந்தீங்களா? இடது வலது தெரியாதவன்னு நாலு பேர் முன்னால சொல்லணும், அவ்வளவுதானே?”

“தொட்டுக் காட்டுங்களேன்.”

மாப்பிள்ளை ஒரு கத்தியை எடுத்துத் மேஜையில் பொருத்தியிருந்த தன் பிடிமானியில் வைத்து முடுக்கினார். அச்சுத் திருகு அவருக்கு எட்டத்தில், கத்தியின் வால் அவர் வயிற்றை நோக்கி இருந்தது. இடது பக்கத் தகட்டை விரலால் அழுத்தித் தட்டினார். “இது இடது. எங்க அம்மா சொல்லிக்குடுத்த இடது.”

நொட்டையார் அந்தக் கத்தியைக் கழற்றி, தான் எப்போதும் பிடிக்கிற மாதிரி பிடித்தார். அச்சுத் திருகு தன் பக்கம், வால் ஜன்னலைப் பார்த்து. மாப்பிள்ளை தட்டிக் காட்டிய தகடு இப்போது அவருடைய வலது கைப் பக்கம் இருந்தது.

அவர் கத்தியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“இது வலது” என்றார் மெதுவாக.

“எது வலது? இடது!”

“நீங்க புடிச்சா இடது. நான் புடிச்சா வலது.”

“அப்போ நீங்க புடிக்கிறது தப்பு.”

“நான் இப்படித்தான் காலங்காலமா புடிக்கிறேன்.”

“நானும் காலங்காலமா இப்படித்தான் முடுக்குறேன்!”

யாருடைய இடது உண்மையான இடது என்று கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. நல்ல சண்டை. கீல், கதவு, கதவைப் பற்றிப் பேசிய வாய், அந்த வாயைப் பற்றி மற்றவர்கள் பேசியது எல்லாம் அதில் வந்து போயின. அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு நொட்டையாருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“சரி மாப்ள, வாஷர் போட்டு முடுக்கினதும் முன்னைவிடக் கோணலா நின்னிருக்குமே. அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம்?”

“நீங்க எழுதியிருக்கீங்க. உங்க கண்ணுக்குச் சரின்னு படுறது என் கண்ணுக்குக் கோணலாத் தெரிஞ்சா, கோளாறு என் கண்ணுலதான்னு விட்டுட்டேன். சந்தேகம் கேக்கணும்னா உங்ககிட்ட பேசணும்.” மாப்பிள்ளை பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். “கோவம் இருந்துச்சு மச்சான். ஆனா உங்க பார்வையில எனக்கு என்னைக்கும் சந்தேகம் இருந்ததில்ல.”

மச்சான் என்ற சொல் காதில் விழுந்ததும் நொட்டையாருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார். நொட்டையார் நடந்ததைச் சொன்னார். மாப்பிள்ளை ஒரு இடதைக் காட்டினார், நொட்டையார் இன்னொரு இடதைக் காட்டினார். முதலாளியம்மா முதலில் நம்பவில்லை. பிறகு கத்தியைத் தானே வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

“இவ்வளவு பெரிய வியாபாரிக்குப் போற சரக்கு. மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்காததால கெட்டுச்சுன்னு நான் எப்படி எழுதுவேன்?” என்றார். “சரி, தொலையட்டும். இனிமே எழுதுற வேலையே வேண்டாம். பழையபடி விரலைக் காட்டிப் பேசுங்க. மிஷின்ல கோளாறு, அது இதுன்னு வியாபாரிகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிறேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வாசல்வரை போய்விட்டார்.

நொட்டையார் அதோடு விட்டிருக்கலாம். ஆண்டவன் எல்லோருக்கும் வாயைக் கொடுத்தான், அவருக்கு மட்டும் அதை மூடும் திருகைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டான். ஆனால் அந்த நேரத்தில் அவர் மனம் முழுக்க மாப்பிள்ளைமேல் பாசமாக இருந்தது. அவர் பெயரில் ஒரு சின்னக் கறைகூட ஒட்டியிருக்கக் கூடாது என்று நினைத்தார். கத்தியைத் துடைத்து வைக்கிற மாதிரி விஷயத்தையும் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட ஆசைப்பட்டார்.

“ஒரு நிமிஷம்மா. மாப்பிள்ளை வாஷரை மாத்திப் போட்டது ஒரு தப்பே இல்ல. அது யாருக்கும் வரும். ரிப்பேர் ஆனது மறுபடி என் மேஜைக்கு வராம பெட்டிக்குப் போச்சு பாருங்க, அதுதான் தப்பு. வந்திருந்தா முதல் கத்தியிலேயே புடிச்சிருப்பேன்.”

முதலாளியம்மா நின்றார். திரும்பி வந்தார். இப்போது உதட்டில் துடிப்பு இல்லை.

“யார் பெட்டியில வெச்சது?”

கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. அந்தப் பட்டறையில் பெட்டி கட்டும் மேஜை ஒன்றுதான். நொட்டையாருக்குத் தான் சொன்னது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தார். இந்த முறை எதுவும் வரவில்லை. மாப்பிள்ளை, “அம்மா, அது வந்து…” என்று இழுத்தார்.

“நான்தாம்மா” என்றாள் தங்கை.

அவள் காரணம் சொல்லவில்லை. அண்ணனுக்குத் தெரியும், அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்றும் சொல்லவில்லை. முதலாளியம்மா கெட்டவர் இல்லை. ஆனால் வியாபாரி ஒரு பெயர் கேட்டிருந்தார். நொட்டையாரை அனுப்பினால் அப்படி இன்னொரு கண் கிடைக்காது. பூட்டுகிறவரை அனுப்பினால் பட்டறையே நின்றுவிடும். நாடா கட்ட யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. “நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா” என்று மட்டும், மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

தங்கை மேஜையைத் துடைத்தாள். கட்டி முடிக்காத பெட்டியைக் கட்டி முடித்தாள். பையை எடுத்துக்கொண்டு போகும்போது அண்ணனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தப்பு எங்கேன்னு கரெக்டா கண்டுபுடிச்சுட்டே அண்ணா” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலையில் நொட்டையார் முதலாளியம்மாவின் அறை வாசலில் போய் நின்றார். தப்பு தன்னுடையது, கத்திகள் தன் மேஜைக்கு வராததைத் தெரிந்தே விட்டவர் தான் என்றார். வியாபாரிக்கு மெயில் போய்விட்டது, அவர் சமாதானமாகிவிட்டார், புது ஆர்டர் வந்துவிட்டது, போய் வேலையைப் பாருங்கள் என்றார் முதலாளியம்மா. அவர் போய் வேலையைப் பார்த்தார். பெட்டி கட்டும் மேஜைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவள் சரிசெய்த கத்தியை ஒன்றுவிடாமல் நொட்டையாரிடம் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு நொட்டை சொல்ல முடியாத வேலை.

இப்போது மச்சானும் மாப்பிள்ளையும் பேசாத நேரமே இல்லை. ‘இந்தப் பக்கம் மாப்ள’, ‘போதுமா மச்சான்’ என்று பட்டறை முழுக்க அவர்கள் குரல்தான். ஒரு கத்திகூடத் திரும்பி வருவதில்லை. இடையில் யாரும் கேட்காத குரலில் நொட்டையார் ஒன்று கேட்பார்.

“என்னைப் பத்தி ஏதாவது பேசினாளா மாப்ள?”

“இல்ல மச்சான்.”

“திட்டக்கூட இல்லையா?”

“இல்ல மச்சான்.”

ஒருநாள் பொறுக்க முடியாமல் தங்கைக்கே போன் செய்தார். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அது என் வாய்க்கொழுப்பு, உன்மேல் ஒரு தப்பும் இல்லை, எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான் என்று சொல்ல வேண்டும். மணி அடித்தது. அவள்தான் எடுத்தாள். அவள் மூச்சுச் சத்தமே அவருக்கு அடையாளம் தெரியும்.

“நான்தான்மா, அண்ணன்…”

“அவர் இருக்கார். குடுக்கிறேன்” என்றாள்.

போன் கைமாறும் சத்தம் கேட்டது. எங்கோ தள்ளிப் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

“சொல்லுங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

பகல் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து பேசியாகிவிட்டது. மாப்பிள்ளையிடம் சொல்ல அவருக்கு ஒன்றுமே மிச்சம் இல்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தம் நிற்கிறதா என்று போனைக் காதோடு அழுத்திக் காத்திருந்தார். அது நிற்கவில்லை.

“ஒண்ணுமில்ல மாப்ள” என்றார். “சாப்பிட்டாச்சா?”